பாரம் எங்கே இறங்குகிறது?

பள்ளிவாசல் என்று சொன்னவுடன் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? நடுவில் ஒரு கும்மட்டம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மினாராக்கள், கொஞ்சம் பச்சை வண்ணம். காலண்டர் படங்களும் பெருநாள் வாழ்த்து அட்டைகளும் நம் கண்களை அப்படிப் பழக்கி வைத்திருக்கின்றன. ஆனால் இவற்றில் ஒன்றுகூடப் பள்ளிவாசலுக்குக் கட்டாயம் கிடையாது என்றால் நம்புவீர்களா?

கட்டாயம் என்று பார்த்தால் ரொம்பவும் கொஞ்சம்தான். சுத்தமான தரை வேண்டும். மக்காவின் திசை, அதாவது கிப்லா, தெரிய வேண்டும். அவ்வளவே! 622-ல் நபிகள் நாயகம் மதீனாவுக்கு வந்து அமைத்த பள்ளிவாசலில் கும்மட்டமும் இல்லை, மினாராவும் இல்லை. பச்சைச் செங்கல் சுவர், பேரீச்ச மரத் தண்டுகளே தூண்கள், மேலே பேரீச்சங் கீற்று. நம் ஊர்க் கீற்றுக் கொட்டகைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

அப்படியானால் இந்த 1400 வருடங்களில் இத்தனை வடிவங்கள் எங்கிருந்து வந்தன? நான் சிவில் படித்தவன். கவிஞர்கள் பார்க்கும் கண் எனக்கு இல்லை. நம் கல்லூரியில் ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் எடுத்த சார் எந்தப் படத்தைக் காட்டினாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "பாரம் எங்கேடா இறங்குது?" பதில் சொல்லத் தெரியாதவன் உட்காரக் கூடாது. அந்தக் கேள்வியோடு பள்ளிவாசல்களைப் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று தெளிவாயிற்று. நாம் அழகு என்று வாய் பிளந்து பார்ப்பதில் பெரும்பகுதி, கூரையின் பாரத்தை மண்ணுக்குக் கொண்டு சேர்க்க அந்தந்த ஊர்க் கொத்தனார் கண்டுபிடித்த வழி. அலங்காரம் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

முதலில் பிரச்சினையைப் புரிந்துகொள்ள வேண்டும். தொழுகையில் மக்கள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்கிறார்கள். எல்லோரும் ஒரே தரையில், ஒரே திசை நோக்கி. ஆகவே கட்டடம் அகலமாக இருப்பது நல்லது. கூட்டம் வளர வளரக் கட்டடமும் வளர வேண்டும். நடுவில் தூண் வந்தால் வரிசை உடையும். தூணே இல்லாவிட்டால் கூரை நிற்காது. இதுதான் சிக்கல். இதற்கு உலகம் தந்த விடைகளில் இரண்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் விடை ஸ்பெயின் நாட்டுக் கோர்டோபாவில் இருக்கிறது. 750-ல் டமாஸ்கஸில் உமையாக்களின் ஆட்சி கவிழ்ந்தபோது உயிர் தப்பி ஓடிய இளவரசர் அப்துர் ரஹ்மான், வட ஆப்பிரிக்கா வழியாக ஸ்பெயின் வந்து ஓர் அரசை நிறுவினார். 785-ல் கோர்டோபாவில் பெரிய பள்ளிவாசல் ஒன்றைத் தொடங்கினார். கையில் என்ன இருந்தது? ரோமானியர்களும் விசிகோத்துகளும் விட்டுப்போன கட்டடங்களின் பழைய கல் தூண்கள். ஓசியில் கிடைத்த சரக்கு! ஆனால் ஒன்று நீளம், ஒன்று குட்டை. நீளமாக இருந்ததைத் தரையில் சற்றே புதைத்தார்கள், குட்டையாக இருந்ததற்குக் கீழே பீடம் கொடுத்தார்கள். எல்லாம் சரிசெய்த பிறகும் ஓர் இக்கட்டு மீதமிருந்தது. அவ்வளவு பெரிய மண்டபத்துக்கு அந்தத் தூண்களின் உயரம் போதவில்லை. அதன் மேலேயே கூரையைப் போட்டால் உள்ளே இருட்டும் புழுக்கமும்தான் மிஞ்சும்.

அந்தக் கொத்தனார்கள் செய்த வேலையைப் பாருங்கள். தூணின் தலையில் இன்னொரு சதுரக் கட்டையைச் செங்குத்தாக எழுப்பினார்கள். அதன் உச்சியில் ஒரு வளைவு. அதுதான் கூரையைத் தாங்குகிறது. ஆனால் ஒல்லியான தூண் மேல் தூண் வைத்தால் ஆடும் அல்லவா? அதற்காகப் பாதி உயரத்தில், தூணுக்கும் தூணுக்கும் நடுவே, குதிரை லாட வடிவில் இன்னொரு வளைவு. கீழ் வளைவுக்கு மேலே சுவர் கிடையாது, வெறும் காற்று. அது கூரையைத் தாங்கவில்லை. தூண்களைக் கைகோத்து நிறுத்துகிறது. நம் பாஷையில் சொன்னால் பிரேசிங்! மெரிதா நகரில் ரோமானியர் கட்டிய அடுக்கு வளைவு நீர்ப்பாலத்தைப் பார்த்து இந்த யோசனை வந்திருக்கலாம் என்று அறிஞர்கள் சொல்வார்கள். இருக்கட்டுமே! தண்ணீர் போன பாலத்தைக் கொண்டுவந்து தொழுகைக் கூடத்துக்குள் நிறுத்தத் தோன்றியதே, அதற்கே ஒரு சபாஷ் போடலாம்.

மேல் வளைவு கீழ் வளைவைவிடக் கனமானது. கீழே மெலிந்து மேலே பருத்த ஒரு மரம் போல. காரணம், அந்த வரிசைகளின் தலைக்கு மேலேதான் மழைநீர் ஓடும் வாய்க்கால் போகிறது. சிவப்புச் செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி அடுக்கிய அந்த வளைவுகளைப் படம் பிடிக்காத சுற்றுலாப் பயணி கிடையாது. அவர்கள் தலைக்கு மேல் இருப்பது ஒரு வடிகால் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த முறையின் பெரிய வசதி, வளர்ந்துகொண்டே போகலாம். அடுத்தடுத்த ஆட்சியாளர்கள் அதே கணக்கில் நீட்டிக்கொண்டே போனார்கள். கடைசி விரிவாக்கம் 987-ல் அல் மன்சூர் காலத்தில் தொடங்கியது. அதில் ஒரு வேடிக்கை. அந்தப் பகுதி வளைவுகள் முழுக்கக் கல்லிலேயே கட்டப்பட்டு, செங்கல் வர வேண்டிய இடத்தில் சிவப்பு வண்ணம் அடிக்கப்பட்டது. சைட்டில் வேலை பார்த்த யாருக்கும் இது புதிதாக இருக்காது! அவசர வேலையும் ஒப்பந்தக்காரர் மூளையும் ஆயிரம் வருடம் முன்பும் இருந்திருக்கின்றன.

1236-ல் நகரம் கிறிஸ்தவ மன்னர் கைக்கு மாறி, பள்ளிவாசல் தேவாலயமாயிற்று. 1523-ல் நகர மன்றத்தின் எதிர்ப்பையும் மீறி, தூண் காட்டின் நட்டநடுவே பல வரிசைகளை அகற்றிவிட்டு உயரமான ஒரு கதீட்ரலை எழுப்பினார்கள். இன்று 856 தூண்கள் எஞ்சியிருக்கின்றன. நடுவில் அத்தனை வளைவுகளைப் பிடுங்கிய பிறகும் மிச்சம் அப்படியே நிற்கிறதே, அது எனக்கு அழகைவிடப் பெரிய ஆச்சரியம். கோர்டோபாவுக்கு நான் போனதில்லை. வரைபடங்களையும் குறுக்குவெட்டுப் படங்களையும் பார்த்தே இரண்டு ராத்திரி தூக்கம் போயிற்று.

இரண்டாவது விடையை நேரிலேயே பார்த்தேன். வளைகுடாவில் வேலை செய்த காலத்தில் ஊர் திரும்பும் வழியில் இஸ்தான்புல்லில் நான்கு நாள் தங்கினேன். கோர்டோபாவின் விடை பல தூண்கள், சிறு சிறு வளைவுகள். இஸ்தான்புல்லின் விடை அதற்கு நேர் எதிர்: தூண்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நடுவில் ஒரே கும்மட்டம்.

ஒரு ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து உச்சியில் அழுத்திப் பாருங்கள். விளிம்பு வெளியே விரியும். கும்மட்டமும் அப்படித்தான், கீழே மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் தள்ளும். எவ்வளவு தட்டையோ அவ்வளவு தள்ளும். இதைக் கட்டி அனுபவித்தவர்கள் பைசாந்தியர்கள். 537-ல் அயா சோஃபியா தேவாலயத்தைக் கட்டி முடித்தார்கள். கும்மட்டம் சுமார் 31 மீட்டர் அகலம். கணிதம் தெரிந்த இரண்டு பேர் போட்ட திட்டம்! ஆனால் கும்மட்டம் தட்டை. நில அதிர்வுகளில் தளர்ந்து 558-ல் விழுந்தது. மறுபடி கட்டியபோது உயரத்தைக் கூட்டினார்கள், பக்கவாட்டுத் தள்ளல் குறைந்தது. அப்படியும் 989-லும் 1346-லும் சில பகுதிகள் விழுந்தன. இன்று அளந்தால் கும்மட்டம் சரியான வட்டமாக இல்லை. பாரம் தள்ளித் தள்ளி உருமாறிவிட்டது. 1453-ல் உதுமானியர் நகரைப் பிடித்தபின் அது பள்ளிவாசலாகி, 1934-ல் அருங்காட்சியகமாக அறிவிக்கப்பட்டு, 2020-ல் மீண்டும் பள்ளிவாசலாக்கப்பட்டிருக்கிறது. அந்த அரசியல் நமக்கு இங்கே வேண்டாம்.

அந்தக் கட்டடத்தைப் பாடப் புத்தகம் போலப் படித்தவர் சினான். 1490 வாக்கில் அனடோலியாவின் கைசேரி பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, சுல்தானின் படைக்கு எடுத்துச் செல்லப்பட்டவர். தச்சு வேலை கற்று, படையெடுப்புகளில் பாலம் போட்டு, படகு கட்டி, 1538 வாக்கில் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஆனபோது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. அதன் பிறகு 1588-ல் இறக்கும் வரை அந்தப் பதவியை விடவில்லை. ஐம்பது வயதுவரை பாலமும் சாலையுமாக அலைந்த ஒருவர் அதற்கப்புறம் உலகம் மெச்சும் கட்டடங்களைக் கட்டினார் என்பதை, பொதுப்பணித் துறையில் இருக்கும் நம் சீனியர்கள் கவனிக்க வேண்டும்!

சினான் செய்தது ஒரே பிரச்சினையை மூன்று முறை போட்டுப் பார்த்ததுதான். 1548-ல் முடிந்த ஷெஹ்ஸாதே பள்ளிவாசலில் நடுக் கும்மட்டத்தின் நான்கு பக்கமும் நான்கு அரைக் கும்மட்டங்களை முட்டுக் கொடுத்தார். நாலாபுறமும் சமமான தள்ளல், சமமான தாங்கல். 1557-ல் முடிந்த சுலைமானியாவில் அயா சோஃபியா போலவே இரண்டே அரைக் கும்மட்டங்கள். மற்ற இரண்டு பக்கமும் முட்டு வேண்டுமே? அவற்றைப் பக்கச் சுவரோடு சேர்த்து, பாதியை உள்ளேயும் பாதியை வெளியேயும் வைத்து, இடையில் மாடங்களை ஓடவிட்டு மறைத்துவிட்டார். வெளியே நின்று பார்த்தால் அழகான தாழ்வாரம். பாரம் அந்தத் தாழ்வாரத்துக்குப் பின்னால் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது.

தூண்களின் உச்சியில் சின்னச் சின்னக் கோபுரங்கள் தெரியும். அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். அவை எடைக் கற்கள்! பக்கவாட்டில் தள்ளும் விசையின் மேல் நேர் எடையை வைத்தால் இரண்டும் சேர்ந்து சரிவாகக் கீழே திரும்பும், தூணுக்குள்ளேயே இறங்கும். பந்தல் காற்றில் சாயாமல் இருக்கக் கால் கட்டையில் மணல் மூட்டை வைப்பது போலத்தான். கற்களுக்குள் இரும்புப் பிடிகள் வைத்து, உருக்கிய ஈயம் ஊற்றிப் பிணைத்தார்கள்.

மூன்றாவது முயற்சி எதிர்னே நகரத்துச் செலிமியே. 1568-ல் தொடங்கி 1575 வாக்கில் முடிந்தது. அப்போது சினானுக்கு எண்பதைத் தாண்டிய வயது. பக்கத்தில் பெரிய அரைக் கும்மட்டங்களே இல்லை. எட்டுத் தூண்கள் எண்கோணமாக நிற்க, அவற்றின் மேல் 31 மீட்டருக்குச் சற்றே கூடுதலான ஒரே கும்மட்டம். எந்த மூலையில் நின்றாலும் முழுக்கூடமும் கண்ணில் படுகிறது. வரிசை உடையவில்லை, கூரையும் நிற்கிறது. நான்கு மினாராக்களும் 70 மீட்டரை ஒட்டிய உயரம். அவற்றில் இரண்டில் மூன்று தனித்தனிச் சுழல் படிக்கட்டுகள் ஒன்றையொன்று தொடாமல் மூன்று மாடங்களுக்குப் போகின்றன. 1913 முற்றுகையில் பீரங்கிக் குண்டு பட்டும் கும்மட்டம் விழவில்லை. நான் அங்கே போய் நடுக் கும்மட்டத்தின் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. காவலர் வந்து, "எந்த ஊர்?" என்று சைகையில் கேட்டார். "இந்தியா, இன்ஜினியர்" என்றேன். சிரித்துக்கொண்டு எட்டுத் தூண்களையும் ஒவ்வொன்றாக விரலால் சுட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

பழைய கட்டடம் என்றால் நிற்கும், கான்கிரீட் என்றால் விழும் என்று நான் சொல்ல வரவில்லை. 1766 பூகம்பத்தில் இஸ்தான்புல்லின் பழைய ஃபாத்திஹ் பள்ளிவாசலின் கும்மட்டம் விழுந்தது, சுலைமானியாவும் சேதப்பட்டது. 2023 பிப்ரவரி 6 பூகம்பத்தில் அந்தாக்கியா நகரின் பழமையான ஹபீபி நஜ்ஜார் பள்ளிவாசல் இடிந்தது. பூமி ஆடும்போது எந்தக் கட்டடத்துக்கும் சலுகை இல்லை. பாரத்துக்கு வழி தெளிவாக இருந்தால் பிழைக்க ஒரு வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான்.

கல்லும் செங்கல்லும் இல்லாத ஊர்களும் விடை கண்டிருக்கின்றன. ஜாவாவின் தெமாக் பள்ளிவாசலில் கும்மட்டமே கிடையாது. நான்கு பெரிய தேக்குத் தூண்கள், மேலே மூன்றடுக்குக் கூரை. சூடான காற்று அடுக்குகளின் இடுக்கு வழியே வெளியேறிவிடும். அந்த நான்கில் ஒன்றை, முழு மரம் கிடைக்காமல், சுனன் கலிஜாகா என்ற பெரியார் மரச் சிராய்களைச் சேர்த்துக் கட்டியே செய்தார் என்பது அங்கத்திய மரபு. சீனத்துச் சியான் நகரப் பள்ளிவாசலில் மினாரா பகோடா வடிவில் இருக்கிறது. மாலி நாட்டு ஜென்னே பள்ளிவாசலோ முழுக்க மண். இப்போதுள்ள கட்டடம் 1907-ல் எழுந்தது. சுவரில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் பனைமரக் கட்டைகள் அழகுக்கு மட்டும் அல்ல, அவைதான் நிரந்தரச் சாரம்! ஆண்டுக்கு ஒருமுறை ஊரே திரண்டு, தவிடு கலந்து புளிக்க வைத்த சேற்றைக் கூடை கூடையாகக் கொண்டுவர, கொத்தனார்கள் அந்தக் கட்டைகளில் ஏறிப் பூசுகிறார்கள். மண் கட்டடத்துக்கு மழைதான் எமன். 2009 நவம்பரில் ஒரே நாள் கனமழையில் ஒரு கோபுரத்தின் மேல்பகுதி சரிந்தது, திருப்பிக் கட்டினார்கள். கட்டத் தெரிந்த கை ஊரிலேயே இருந்ததால் முடிந்தது.

இப்போது நம் பக்கம் வருகிறேன். கீழக்கரையில் பழைய ஜும்மா பள்ளியைப் பார்த்திருக்கிறீர்களா? கருங்கல் தூண்கள், போதிகைகள், கல் உத்தரம், மேலே கற்பலகை. கோயில் மண்டபம் கட்டிய அதே கல்தச்சு மரபு. உருவங்கள் மட்டும் இல்லை. பூவும் கொடியும் கட்டமும்தான். கருங்கல் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு வளைவைத் தாங்காது. அடிப்புறம் இழுபட்டு விரிசல் விடும். அதனால்தான் உத்தரம் குட்டை, தூண்கள் நெருக்கம். போதிகை எதற்கு? உத்தரத்தின் இடைவெளியை இருபுறமும் ஒரு முழம் குறைக்க. அழகான அந்தத் தொங்கு மொட்டுக்கு அடியில் இப்படி ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கடலோர ஊர் ஜமாஅத்தார் என்னிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, "தம்பி, இதைக் கொஞ்சம் செக் பண்ணிக் கொடுங்க" என்றார்கள். பழைய கல் பள்ளியை முழுக்க இடித்துவிட்டுக் கான்கிரீட் கட்டடம். மேலே மூன்று கும்மட்டங்கள். எங்கே? தட்டையான ஸ்லாபுக்கு மேலே! உள்ளே நின்று அண்ணாந்தால் கும்மட்டம் தெரியாது, ஃபேன்தான் தெரியும். அந்தக் கும்மட்டங்கள் எந்தப் பாரத்தையும் சுமக்கவில்லை, அவையே பாரம். அவற்றுக்காக பீம்களின் கனத்தைக் கூட்டியிருந்தார்கள்.

பழைய மண்டபத்தின் தூண்களில் ஒன்றுகூடச் சாயவில்லை. அதை அப்படியே விட்டு, மிஹ்ராப் இருக்கும் மேற்குச் சுவரைத் தொடாமல், கிழக்கே புதுக் கூடத்தை நீட்டலாம் என்று படம் போட்டுக் காட்டினேன். ஒரு பெரியவர் கேட்டார்: "வெள்ளிக்கிழமை வெயில்ல ரோட்டுல பாய் விரிச்சு நிக்கிறது எங்க பிள்ளைங்கதானே தம்பி?" நியாயமான கேள்வி. கட்டடம் கும்பிட்டுப் பார்க்க அல்லவே, தொழுவதற்கு. மூன்று கூட்டம் நடந்தது. முடிவில் நடு மண்டபம் தப்பியது. தெற்குத் தாழ்வாரமும் பழைய ஹவுளும் போயின. மூன்று கும்மட்டங்கள் ஒன்றாகக் குறைந்தன. தாழ்வாரத்தை இடிக்கும் முன் இரண்டு நாள் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தூணையும் அளந்து வரைந்துகொண்டேன்.

அளந்து வைப்பது வீண் வேலை என்று நினைக்காதீர்கள். ஈராக்கில் மொசூல் நகரத்து நூரி பள்ளிவாசலின் சாய்ந்த மினாரா, 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது, 2017 ஜூனில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. இடிபாட்டில் பொறுக்கிய பழைய செங்கற்களையும் சேர்த்து, அந்தச் சாய்வு உட்பட மறுபடி எழுப்பி, 2025 செப்டம்பரில் திறந்தார்கள். ஒரு சாய்வைத் திரும்பக் கட்ட வேண்டுமானால் அது எவ்வளவு சாய்ந்திருந்தது என்று யாரோ முன்பே குறித்து வைத்திருக்க வேண்டாமா?

இப்போது படிக்கும் சிவில் மாணவ நண்பர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். நம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் இன்னும் சில கல் பள்ளிகள் இருக்கின்றன. கோடை விடுமுறையில் நான்கு பேராகச் சேர்ந்து போங்கள். ஒரு டேப், ஒரு தூக்குக் குண்டு, ஒரு மட்டப் பலகை, கோடு போடாத நோட்டு போதும். ஜமாஅத்தில் முதலில் அனுமதி கேளுங்கள். தொழுகை நேரத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். தூணுக்குத் தூண் இடைவெளி, போதிகையின் நீட்டம், உத்தரத்தின் அகலமும் கனமும், மேல் தளத்தில் எத்தனை அங்குலச் சுண்ணாம்புக் கலவை என்று எல்லாவற்றையும் குறியுங்கள். விரிசல் இருந்தால் தேதி போட்டுக் குறியுங்கள். ஊர் மேஸ்திரி யாராவது வயதானவர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். புத்தகத்தில் இல்லாதது அவரிடம் இருக்கும். வரைபடம் முடிந்ததும் ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கும் இன்னொன்றை அந்த ஜமாஅத்துக்கும் கொடுத்துவிடுங்கள். டிராயிங் ஷீட்டுக்கும் பஸ் செலவுக்கும் நான் பொறுப்பு.